லாபம் எங்கே போனது? திவிஸ் லேபரட்டரீஸின் மூலதனச் செலவும் ஏழு வருடக் கணக்கும்

2023 மார்ச் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் அக்கா பையன் காட்பாடியில் ரயில் இறங்கி, பஸ் பிடித்து வாலாஜாவில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். பெங்களூரில் வேலை, மாதம் ஒருமுறை ஊருக்கு வருவான். காபி டம்ளரைக் கீழே வைக்கக்கூட இல்லை, போனை நீட்டி, "இன்னா மாமா இது, 902 கோடி லாபம் காட்டின கம்பெனி அடுத்த வருஷம் அதே மூணு மாசத்துல 307 கோடி காட்டுது. இருந்த காசையெல்லாம் கட்டடத்துல கொட்டிட்டாங்க மாமா, அதான் இப்படி" என்றான். 2021 அக்டோபரில் திவிஸ் பங்கு 5,000 ரூபாயைத் தாண்டி ஓடியபோது 20 பங்கு வாங்கியவன். அது 3,000-க்குக் கீழே இறங்கியதும் பயந்துபோய் முந்தின வாரம்தான் அத்தனையையும் விற்றிருந்தான். சம்பளத்தில் பிடித்து வைத்த காசு, நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல் போய்விட்டது.

நான் ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். பிளாண்ட் கட்டுவது, மிஷின் வாங்குவது, அதைக் கணக்கில் ஏற்றுவது, தேய்மானம் போடுவது (சொத்தின் விலையை அதன் ஆயுளுக்குப் பிரித்து வருடா வருடம் செலவாகக் கழிப்பது) எல்லாம் தினமும் கையில் படுகிற வேலை. அதனால் "கட்டடத்துல கொட்டிட்டாங்க" என்ற அவன் வார்த்தை எனக்கு உறுத்தியது. கட்டடத்தில் போட்ட காசு அப்படி ஒரே வருடத்தில் லாபத்தைத் தின்னாது, கணக்கு விதியே அதற்கு இடம் கொடுக்காது. அவன் மட்டும் இல்லை, அந்த வருடம் நிறையப் பேர் அப்படித்தான் பேசினார்கள். 2024-25 வரைக்கும் கணக்கு வந்துவிட்டதால், முழுசாக எடுத்து வைத்துப் பார்க்கலாம் என்று இதை எழுதுகிறேன். பங்கு வாங்கு, விற்காதே என்று சொல்ல இல்லை. ஒரு மருந்துக் கம்பெனி செலவழிக்கிற வருடமும் அந்தச் செலவு லாபத்தில் தெரிகிற வருடமும் ஒன்று இல்லை என்பதை இந்த ஒரு கம்பெனியின் கணக்கிலேயே தெளிவாகக் காட்ட முடியும், அதற்காகத்தான்.

முதலில் கம்பெனியைப் பற்றி. முரளி திவி 1990-இல் ஹைதராபாத்தில் ஆராய்ச்சி நிலையமாகத் தொடங்கியது. 1995-இல் ஹைதராபாத் பக்கம் சௌட்டுப்பலில் முதல் தொழிற்சாலை, 2002-இல் விசாகப்பட்டினம் பக்கம் சிப்பாடாவில் இரண்டாவது, 2003-இல் பங்குச்சந்தைக்கு வந்தது. இவர்கள் பட்டையில் அடைத்த மாத்திரை விற்பவர்கள் இல்லை. மாத்திரைக்குள் வேலை செய்கிற மருந்துப் பொடி இருக்கிறதே, ஏபிஐ என்றும் பல்க் டிரக் என்றும் சொல்வோம், அதைச் செய்து மற்ற கம்பெனிகளுக்குக் கொடுப்பவர்கள், பெரும்பகுதி ஏற்றுமதி. வேலூரில் சி.எம்.சி. ஆஸ்பத்திரி எதிரில் எந்த மருந்துக்கடையில் நின்றாலும் நரம்பு வலிக்கு கேபாபென்டின் கேட்டு யாராவது வருவார்கள். அந்த கேபாபென்டின், வலிக்குக் கொடுக்கும் நாப்ராக்ஸன், இருமலுக்கு டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன், இந்த மூன்று ஏபிஐயிலும் உலக அளவில் பெரிய உற்பத்தியாளர்களில் திவிஸ் ஒன்று. இது வியாபாரத்தின் ஒரு பாதி. இன்னொரு பாதி, வெளிநாட்டுப் பெரிய கம்பெனிகள் தங்கள் காப்புரிமை மருந்துக்கு வேண்டிய பொருளை "இப்படிச் செய்து கொடு" என்று ஒப்பந்தம் போட்டுக் கேட்பது. இதற்குக் கஸ்டம் சிந்தசிஸ் என்று பெயர். இரண்டாவது பாதியில் லாப விகிதம் அதிகம், ஆனால் ஆர்டர் வருவதும் போவதும் வாடிக்கையாளர் கையில்.

இப்போது கணக்கு. எல்லாம் துணைக் கம்பெனிகளையும் சேர்த்த ஒட்டுமொத்தக் கணக்கு, கோடி ரூபாயில், தசமத்தை விட்டுவிட்டேன். 2018-19-இல் விற்பனை 4,946, வரி போக நிகர லாபம் 1,353. அடுத்த வருடம் 5,394, லாபம் 1,377. 2020-21-இல் 6,969, லாபம் 1,984. 2021-22-இல் 8,960, லாபம் 2,960. அதோடு ஏற்றம் நின்றது. 2022-23-இல் விற்பனை 7,767, லாபம் 1,823. 2023-24-இல் 7,845, லாபம் 1,600. 2024-25-இல் 9,360, லாபம் 2,191.

இதோடு தேய்மானத்தையும் அடுக்கி வையுங்கள், என் வேலையே அங்கேதான். அதே ஏழு வருடத்துக்கு 169, 186, 256, 312, 343, 378, 402. ஒரு வருடம்கூட இறங்கவில்லை. விற்பனை ஏறி இறங்கினாலும் தேய்மானம் படி ஏறிக்கொண்டே போகிறது. கட்டி முடித்த பிளாண்ட் ஓடினாலும் ஓடாவிட்டாலும் தேய்மானம் உண்டு, அதனால்தான்.

இந்தப் படிகள் எங்கிருந்து வந்தன? 2018-ஐ ஒட்டி திவிஸ் சுமார் 1,800 கோடி ரூபாய்க்கு விரிவாக்கம் தொடங்கியது. இருக்கிற இரண்டு இடங்களிலும் புது யூனிட்டுகள், பழைய பிளாண்டில் நெரிசலை எடுப்பது, முன்பு வெளியில் வாங்கிய இடைநிலைப் பொருட்களைத் தாங்களே செய்வது என்று பல வேலைகள். கடைசியில் சொன்னது முக்கியம், ஏனென்றால் நம் நாட்டு மருந்துத் தொழில் முழுவதுமே சீனாவிலிருந்து வரும் மூலப்பொருளை நம்பி இருந்தது. 2020-இல் மத்திய அரசு பல்க் டிரக்குக்கு என்று 6,940 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டம் போட்டதே அதற்காகத்தான். 2020-இல், கோவிட் நடுவில், கஸ்டம் சிந்தசிஸுக்கு மட்டும் இன்னும் 400 கோடி என்று அறிவித்து வேகமாகக் கட்டினார்கள். தேய்மானம் 186-இலிருந்து 256-க்கும் அங்கிருந்து 312-க்கும் ஏறியது இதனால்தான். செலவழிக்க முடிவெடுத்தது 2018-இல், கணக்கில் முழு பாரம் விழுந்தது 2020-க்குப் பிறகு.

இந்த இடைவெளியைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், வெளியில் இருப்பவர்களுக்கு இதுதான் புரிவதில்லை. ஒரு மருந்து பிளாண்ட் கட்ட ஆரம்பித்தால், சிமெண்ட் வாங்கிய காசும் ரியாக்டர் (ரசாயனங்களைக் கலந்து வினைபுரிய வைக்கும் கலன்) வாங்கிய காசும் லாபக் கணக்குக்குப் போகாது. இருப்புநிலைக் குறிப்பில் "நடந்துகொண்டிருக்கும் மூலதனப் பணி" என்ற வரியில் போய் உட்காரும். அது வரைக்கும் தேய்மானம் கிடையாது. கமிஷனிங், அதாவது ஓட்டிப் பார்த்துச் சரிசெய்வது முடிந்து பிளாண்ட் ஓடத் தயார் என்று ஆனதும் அந்தத் தொகை சொத்துப் பட்டியலுக்கு மாறும், அன்றிலிருந்து தேய்மானம் ஓடும். 2013 கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி மருந்து, கெமிக்கல் தொழிலில் ரியாக்டர், காய்ச்சி வடிக்கும் கோபுரம், டிரையர், தொட்டி இவற்றுக்கு ஆயுள் 20 வருடம், ஆலைக் கட்டடத்துக்கு 30 வருடம். அப்படியென்றால் 1,500 கோடிக்கு முழுக்க ரியாக்டரே வாங்கினாலும் வருடத்துக்கு 75 கோடிதான் லாபத்திலிருந்து கழியும்.

பிளாண்ட் தயார் என்பதும் பணம் வருகிறது என்பதும் மறுபடி வேறு. மருந்தில் முதலில் மூன்று பேட்ச் தொடர்ச்சியாக ஒரே தரத்தில் எடுத்துக் காட்ட வேண்டும். அந்தப் பொடியை 40 டிகிரி வெப்பம், 75 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் ஆறு மாதம் வைத்து, கெட்டுப்போகவில்லை என்று நிரூபிக்க வேண்டும். வேலூர் கத்திரி வெயிலில் மொட்டை மாடி அறையில் வைத்தது போல, அதுவும் ஆறு மாதம் விடாமல். பிறகு அந்தத் தரவை வாடிக்கையாளருக்குக் கொடுத்து, அவர் தன் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் "இனிமேல் இந்தப் புது இடத்திலிருந்தும் வாங்குவேன்" என்று பதிந்து, அனுமதி வாங்கி, ஆடிட் முடித்து, அப்புறம்தான் முதல் பெரிய ஆர்டர். கட்டி முடித்த நாளிலிருந்து ஒரு வருடம், ஒன்றரை வருடம் சாதாரணமாக ஓடிவிடும். அந்தக் காலம் முழுக்க தேய்மானம் ஓடும், சம்பளம் ஓடும், கரண்ட் பில் வரும், வருமானம் மட்டும் வராது.

இப்போது 2021-22-க்கு வருவோம். மெர்க் கம்பெனியின் கோவிட் மாத்திரை மோல்னுபிராவிருக்கு 2021 நவம்பரில் பிரிட்டன் முதலில் அனுமதி கொடுத்தது, டிசம்பரில் அமெரிக்கா அவசர அனுமதி கொடுத்தது. அந்த மாத்திரைக்கு ஏபிஐ செய்து கொடுக்க மெர்க் அங்கீகரித்த உற்பத்தியாளர் திவிஸ். 2021 டிசம்பரில் முடிந்த மூன்று மாதத்தில் விற்பனை 2,493 கோடி, அடுத்த மூன்று மாதம் 2,518 கோடி. அதற்கு முன் இந்தக் கம்பெனி ஒரு காலாண்டில் 2,000 கோடியைத் தொட்டதே இல்லை. என் அக்கா பையன் சொன்ன 902 கோடி லாபம் அந்த டிசம்பர் காலாண்டுதான்.

இங்கே என் கருத்து ஒன்று. உலகம் அவசரமாகக் கேட்டபோது அத்தனை டன் பொருளைச் சில மாதத்தில் செய்து கொடுக்க முடிந்தது, 2018-இலிருந்து கட்டி வைத்த இடம் இருந்ததால்தான். ரியாக்டர் ஆர்டர் கொடுத்து வாங்கி, பொருத்தி, மூன்று பேட்ச் எடுத்துக் காட்டும் வேலிடேஷன் முடிப்பதற்குள் கோவிட்டே முடிந்திருக்கும். அதனால் "கட்டடத்துல கொட்டின காசு" என்பதை 2022-23-இன் சரிவோடு சேர்ப்பதைவிட 2021-22-இன் ஏற்றத்தோடு சேர்ப்பதுதான் நியாயம்.

சரி, 2022-23-இல் என்னதான் நடந்தது? தேய்மானம், வட்டி, வரி கழிக்கும் முன் உள்ள செயல்பாட்டு லாபத்தைப் பாருங்கள். 2021-22-இல் 3,881 கோடி. 2022-23-இல் 2,368 கோடி. ஒரே வருடத்தில் 1,513 கோடி குறைவு. விற்பனை குறைந்ததோ 1,193 கோடிதான். விற்பனை குறைந்ததைவிட லாபம் அதிகமாகக் குறைந்திருக்கிறது என்றால் செலவு ஏறியிருக்க வேண்டும். 2021-22-இல் மொத்தச் செலவு 5,079, அடுத்த வருடம் 5,399. விற்பனை இறங்கின வருடத்தில் செலவு 320 கோடி ஏறியிருக்கிறது. உக்ரைன் போர் தொடங்கி எரிபொருள், சால்வென்ட் (கரைப்பான்), கப்பல் வாடகை எல்லாம் ஏறின வருடம் அது, சிப்காட்டில் எங்கள் கொள்முதல் பில்லிலேயே அது தெரிந்தது. மோல்னுபிராவிர் போனது ஒரு அடி, விலைவாசி இன்னொரு அடி.

அந்த வருடம் தேய்மானம் ஏறியது எவ்வளவு? 312-இலிருந்து 343, அதாவது 31 கோடி. 1,513 கோடி சரிவு ஒரு பக்கம், 31 கோடி மறுபக்கம். கட்டடம் லாபத்தைத் தின்றது என்ற பேச்சு இந்த ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. இதர வருமானம் 115-இலிருந்து 345 கோடியாக ஏறியிருக்கிறது, அது இல்லாவிட்டால் நிகர லாபம் இன்னும் கீழே போயிருக்கும். அன்று வீட்டில் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் டிசம்பர் காலாண்டுக்கு இதே கணக்கைத்தான் போட்டுக் காட்டினேன். அவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "விக்காம இருந்திருக்கலாமா மாமா?" என்று கேட்டான். பங்கு மேலே போகுமா கீழே போகுமா என்று எனக்குத் தெரியாது, ஆனால் நீ விற்றதற்கு வைத்திருந்த காரணம் தப்பு என்றேன்.

அவனுக்குப் புரிய நான் சொன்ன உதாரணம் நம்ம ஊர் லாட்ஜ். பாபு ராவ் தெருவில் ஒருவர் 20 ரூம் லாட்ஜ் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள். சி.எம்.சி.க்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிற நோயாளிகளின் குடும்பங்கள் தங்குகிற இடம். கையில் இருந்த காசைப் போட்டு மேலே இரண்டு மாடி எழுப்பினார். திறந்த நேரத்தில் ஒரு கம்பெனிக்காரர் வந்து, தன் ஆட்களுக்கு ஒரு வருடத்துக்கு அந்த இரண்டு மாடியையும் இரட்டை வாடகைக்கு எடுத்தார். அந்த வருட வருமானம் அவர் வாழ்க்கையில் பார்க்காதது. வருடம் முடிந்ததும் அவர்கள் காலி செய்துவிட்டார்கள். ரூமுக்குப் பழையபடி நோயாளிகள்தான் வர வேண்டும், அதற்குள் கரண்ட் கட்டணமும் ஏறிவிட்டது. இப்போது தெருவில் நிற்கிறவன் "மாடி கட்டினார், வருமானம் போச்சு" என்கிறான். மாடி கட்டினதால்தானே அந்த ஒரு வருட வாடகையே வந்தது? ஒப்பிட வேண்டியது மாடி கட்டுவதற்கு முந்தின வருடத்தோடு, அந்த இரட்டை வாடகை வருடத்தோடு இல்லை.

திவிஸ் கணக்கிலும் விலகி நிற்கிற வருடம் 2021-22. அதை எடுத்துவிட்டால் 2022-23-இன் 1,823 கோடி 2019-20-இன் 1,377-ஐவிட அதிகம்தான்.

ஆனால் கம்பெனிக்குச் சாதகமாக மட்டும் பேசிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை, அடுத்த வருடக் கணக்கு அவ்வளவு நல்லதாக இல்லை. 2023-24-இல் விற்பனை 78 கோடி கூடியது, செயல்பாட்டு லாபம் 163 கோடி குறைந்து 2,205 ஆனது. அந்த வருடத்துக்குக் கோவிட்டைப் பெரிதாகச் சாக்குச் சொல்ல முடியாது, ஒப்பிடும் வருடத்திலேயே அது பெரும்பகுதி போய்விட்டது. வரிக்கு முந்தின லாபம் ஏறத்தாழ 200 கோடி குறைந்ததில் தேய்மானத்தின் பங்கு 35 கோடி, கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு. இந்த வருடத்துக்கு மட்டும் அவன் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். கட்டின இடம் நிறையவில்லை, ஜெனரிக், அதாவது காப்புரிமை முடிந்த மருந்துகளின் ஏபிஐ விலை உலகச் சந்தையில் இறங்கிக்கொண்டிருந்தது, தேய்மானப் படி மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. செயல்பாட்டு லாபம் 100 ரூபாய் விற்பனைக்கு 28 ரூபாய், 2018-19-இல் அதுவே 38 ரூபாய்.

2024-25-இல் திரும்பியது. விற்பனை 1,515 கோடி கூடி 9,360, கோவிட் வருடத்தையும் தாண்டிவிட்டது. செயல்பாட்டு லாபம் 763 கோடி கூடி 2,968. கூடுதலாக விற்ற 100 ரூபாயில் 50 ரூபாய் லாபமாகத் தங்கியிருக்கிறது. சாதாரணமாக 30 ரூபாய் தங்குகிற கம்பெனியில் எப்படி 50? இடம் ஏற்கனவே கட்டியாகிவிட்டது, ஆட்கள் ஏற்கனவே இருக்கிறார்கள், கூடுதல் பொருளுக்குக் கூடுதல் மூலப்பொருளும் கரண்டும்தான் செலவு. 2022-23-இல் விற்பனை இறங்கியபோது இதே விஷயம்தான் எதிர்ப்பக்கம் வேலை செய்தது. பெரிய பிளாண்ட் வைத்திருப்பவனுக்கு ஏற்றமும் பெரிதாக இருக்கும் இறக்கமும் பெரிதாக இருக்கும். பங்கு விலையும் 2024 கடைசியில் 6,000-ஐத் தொட்டது. அவனிடம் அதைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை, அவனே ஒருநாள் போனில் சொன்னான்.

இருந்தாலும் ஏழு வருடத்தை ஒன்றாகப் பார்த்தால் விற்பனை 89 சதவீதம் கூடியிருக்கிறது, நிகர லாபம் 62 சதவீதம்தான், தேய்மானமோ ஏறத்தாழ 2.4 மடங்கு. 2020-21-இலிருந்து எடுத்தால் நான்கு வருடத்தில் நிகர லாபம் 1,984-இலிருந்து 2,191, சுமார் பத்து சதவீதம் மட்டும். போட்ட மூலதனம் வீணாகவில்லை என்று என்னால் சொல்ல முடிகிறது, முழுசாகப் பலன் கொடுத்துவிட்டது என்று சொல்ல முடியவில்லை.

இந்தக் கம்பெனி இவ்வளவு ஆட்டத்தையும் கலங்காமல் தாங்கியதற்குக் காரணம் கடன் இல்லாதது. வட்டிச் செலவு வருடத்துக்குச் சில கோடி என்றுதான் கணக்கில் வருகிறது. 1,500 கோடியை ஒன்பது சதவீதத்துக்கு வாங்கியிருந்தால் வருடத்துக்கு 135 கோடி வட்டி, பிளாண்ட் திறக்காவிட்டாலும் கட்டித்தான் ஆக வேண்டும். 2017-இல் இது எவ்வளவு முக்கியம் என்று தெரிந்தது. அந்த மார்ச்சில் அமெரிக்க மருந்துத் துறை விசாகப்பட்டினம் யூனிட்டின் பொருட்களுக்கு இறக்குமதித் தடை போட்டது, சில பொருட்களுக்கு மட்டும் விலக்கு கொடுத்தது. நவம்பரில் தடை நீங்கியது. 2016-17-இல் 1,060 கோடியாக இருந்த நிகர லாபம் 2017-18-இல் 877 கோடிக்கு வந்தது. கடன்காரக் கம்பெனியாக இருந்திருந்தால் அந்த வருடமே விரிவாக்கத்தை நிறுத்தியிருப்பார்கள், அடுத்த வருடமே 1,800 கோடி வேலையில் இறங்கியிருக்க மாட்டார்கள்.

இனி காக்கிநாடா. மூன்றாவது தொழிற்சாலை, சுமார் 500 ஏக்கர், 1,500 கோடி ரூபாய் அளவுக்கு என்று அறிவித்தது. 2020 டிசம்பரில் அந்தப் பக்கத்துக் கிராம மக்களும் இறால் குஞ்சுப் பொரிப்பகம் வைத்திருப்பவர்களும் கழிவுநீர் கடலில் கலந்துவிடும் என்று போராட்டத்தில் இறங்கினார்கள், கட்டுமான இடத்தில் தீவைப்பு வரைக்கும் போனது. உற்பத்தி தொடங்கியது 2025 ஜனவரியில். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இந்தத் தாமதத்தை "அனுமதி தாமதம்" என்று ஒரு வார்த்தையில் தாண்டிவிடலாம். ராணிப்பேட்டையில் இருந்துகொண்டு என்னால் அப்படித் தாண்ட முடியாது.

எங்கள் சிப்காட்டில் குரோமேட் செய்த ஒரு ஆலை 1990-களின் நடுவில் மூடிப்போனது. அது விட்டுப்போன குரோமியக் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாமல் மலை போலக் குவிந்து கிடந்து, மழை பெய்தால் மஞ்சள் நீராக இறங்கி நிலத்தடியைக் கெடுத்ததை இந்தப் பகுதியில் பார்க்காதவர்கள் இல்லை. அந்த ஆலை ஓடிய காலத்துக் கணக்கில் கழிவைச் சுத்தம் செய்யும் செலவு இருந்திருக்க வேண்டிய அளவுக்கு இல்லை, அதனால் அந்தச் செலவு குறைந்த அளவுக்கு லாபம் கூடித் தெரிந்திருக்கும். அந்த லாபம் பொய்யானது, பாக்கியை ஊர் கட்டுகிறது.

தோல் தொழிலிலும் இதேதான். பாலாற்றில் தோல் கழிவு கலப்பதற்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அப்போது நம்ம மாவட்டத்துக்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர். மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உறுதியாகச் சொன்ன தீர்ப்பு அது. தோல் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம், சுத்திகரிப்பு வசதி இல்லாதவற்றை மூட உத்தரவு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஈடிபி-க்கு, அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் காசு போடாமல் மிச்சம் பிடித்தவர்களின் மொத்த மூலதனமும் ஒரு உத்தரவில் பூட்டுப் போட்டு நின்றது. அந்த நாட்களில் வேலை போய் வீட்டில் உட்கார்ந்த ஆட்களை எனக்குத் தெரியும், சிலர் என் சொந்தக்காரர்கள்.

அதனால் ஒரு மருந்துக் கம்பெனியின் மூலதனச் செலவில் எவ்வளவு ரியாக்டருக்குப் போனது என்பதோடு எவ்வளவு கழிவுநீருக்குப் போனது என்பதையும் நான் தேடுவேன். ஏபிஐ தொழிலில் ஒரு கிலோ மருந்துக்குப் பல கிலோ சால்வென்டும் கழிவும் வரும். சால்வென்டைத் திரும்பப் பிடித்துப் பயன்படுத்தும் கோபுரமும் உப்பு நீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டரும் ஒரு ரூபாய் மருந்தைக்கூடத் தனியாக விற்றுத் தராது, ஆனால் அவை இல்லாமல் அந்த இடத்தில் இருபது வருடம் தொழில் செய்ய முடியாது. காக்கிநாடாவில் பொரிப்பகக்காரர்கள் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் அந்தக் கடற்கரையில் தண்ணீர் எப்படி இருக்கிறது என்பதில் தெரிய வேண்டும்.

2024-இல் திவிஸ் இன்னொரு அறிவிப்பும் கொடுத்தது. ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளரோடு நீண்டகால ஒப்பந்தம், அதற்காக 650 முதல் 700 கோடி வரை புது முதலீடு. ஆளைப் பிடித்துக்கொண்டு மாடி கட்டுவது போல இது, ஆளை எதிர்பார்த்துக் கட்டுவதைவிட ஆபத்து குறைவு.

போன மாதம் அக்கா பையன் வந்திருந்தான். இப்போது அவனிடம் அந்தப் பங்கு ஒன்றுகூட இல்லை, ஆனாலும் ஆண்டறிக்கையைப் போனில் இறக்கி வைத்திருந்தான். "மாமா, காக்கிநாடாவுல எவ்வளவு சொத்துக் கணக்குக்கு மாறியிருக்கு, எவ்வளவு இன்னும் மூலதனப் பணியிலயே கிடக்குதுன்னு எந்தப் பக்கத்துல பாக்கணும்?" என்று கேட்டான். சொத்து விவரக் குறிப்பைத் திறந்து, ஆரம்ப இருப்பு, அந்த வருடம் சேர்த்தது, மாற்றியது, முடிவு இருப்பு என்று வரிவரியாக விரல் வைத்துக் காட்டினேன். மூலதனப் பணி எத்தனை வருடமாக முடியாமல் கிடக்கிறது என்று வயது வாரியாகப் பிரித்துக் காட்டும் அட்டவணை ஒன்று அதற்குக் கீழே இருக்கும், அதையும் காட்டினேன். அவன் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, வேறு ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையைத் திறந்தான்.